பினாங்கில் சிறு விவசாயிக்கான அரசு மானியம்: உங்கள் பெயரைப் பதிவதும், யார் யார் பெயர் இருக்கிறது என்று கேட்பதும்

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைப் பக்கம் இரண்டு மூன்று ஏக்கர் செம்பனையோ ரப்பரோ வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தோட்டத்து வேலையை விட்டு வெளியே வந்தபோது தாத்தாவோ அப்பாவோ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிப் போட்ட நிலம். சுங்கை பாக்காப், நிபோங் திபால் வட்டாரத்தில் அரசு நிலத்திலோ வாடகை நிலத்திலோ கீரை, வெண்டி, மிளகாய் போடுபவர்களும் உண்டு. மானியம் என்று ஒன்று வருவது எல்லாருக்கும் தெரியும். பக்கத்து லோட்டுக்காரருக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை என்பதுதான் தெரிவதில்லை.

அப்பாவின் நிலத்தை மாற்றிப் பதிவு செய்ய நான் அலைந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். சாரம் இதுதான்: மானியம் நிலத்தைத் தேடியும் வராது, வியர்வை சிந்துபவரைத் தேடியும் வராது. பதிவேட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரைத் தேடித்தான் வரும். ஆகவே நமக்கு இரண்டு வேலை. நம் பெயரை அதில் ஏற்ற வேண்டும். அதே பதிவேட்டில் வேறு யார் பெயர் இருக்கிறது, எந்த அடிப்படையில் இருக்கிறது என்று கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை.

தொகைகள் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் மாறும். நான் குறிப்பிடும் எண்களை அந்தந்த ஆண்டுக்கானவையாக எடுத்துக்கொண்டு, விண்ணப்பிக்கும் நாளில் கவுண்டரில் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

1. எந்தக் கதவைத் தட்டுவது

மலேசியாவில் விவசாய மானியத்துக்கென்று ஒரே அலுவலகம் கிடையாது. நீங்கள் என்ன பயிர் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கதவு. ரப்பர் என்றால் சிறுதோட்டக்காரர்களுக்கான அமைப்பான ரிஸ்டா, கூடவே மலேசிய ரப்பர் வாரியம். செம்பனை என்றால் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம், அதாவது எம்பிஓபி. காய்கறி, பழம் என்றால் பினாங்கு மாநில விவசாய இலாகா. ஆடு மாடு என்றால் கால்நடைச் சேவை இலாகா. நெல் என்றால் வட்டார விவசாயிகள் சங்கமான பிபிகே. பினாங்கில் நெல்வயல் பகுதிகளைக் கவனிக்கும் ஐஏடிஏ நிர்வாகமும் உண்டு.

டீசல் உதவி மட்டும் தனி. அதற்குப் பூடி மடானி என்ற அரசின் இணையத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அங்கேயும் நீங்கள் மேலே சொன்ன ஏதாவது ஓர் அலுவலகத்தில் பதிவு செய்தவரா என்று பார்ப்பார்கள். சுற்றி வளைத்து மறுபடி இங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ரிஸ்டா, எம்பிஓபி, ரப்பர் வாரியம் எல்லாம் கூட்டரசைச் சேர்ந்தவை. மாநில விவசாய இலாகாவும் நில அலுவலகமும் மாநில அரசைச் சேர்ந்தவை. பணம் வாங்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தகவல் கேட்கும்போது எல்லாமே இதில்தான் இருக்கிறது. 7ஆம் படியில் வருகிறேன்.

2. நிலத்துக்கான தாள்

பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கெரான், அதாவது நில உரிமைப் பத்திரம், உங்கள் பெயரிலேயே இருந்தால் வேலை எளிது. கெரான் நகல், அந்த ஆண்டுக்கான நிலவரி ரசீது, ஐசி என்னும் அடையாள அட்டையின் நகல் போதும். நிலவரியை மே 31க்குள் கட்ட வேண்டும். ஜூனில் போய் நிலுவையோடு நின்றால் அபராதமும் சேரும், விண்ணப்பப் பாரமும் நகராது.

கெரானில் இறந்துபோனவர் பெயர் இருந்தால்தான் தலைவலி. எனக்கு நடந்தது இதுதான். கவுண்டரில் இருந்த தம்பி கணினியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்த லோட்டு இன்னும் உங்க தாத்தா பேர்லதான் இருக்கு" என்றார். அப்பா பெயருக்கே மாறவில்லை என்பது அன்றைக்குத்தான் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் நில அலுவலகத்தில் அந்த லோட்டு எண்ணுக்குத் தேடல் சான்று எடுத்துவிடுங்கள். தென் செபராங் பிறைக்காரர்களுக்குச் சுங்கை ஜாவி, மத்தியப் பகுதிக்குப் புக்கிட் மெர்தாஜம், வடக்கே கெப்பாலா பத்தாஸ்.

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் நிலம் இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், அது சிறு சொத்துப் பங்கீட்டின் கீழ் வரும். முன்பு வரம்பு 20 லட்சமாக இருந்தது. 2024 ஜூலையில் உயர்த்தினார்கள். இதற்கு வக்கீல் கட்டாயமில்லை. பாரம் ஏ-யை நிரப்பி, பங்கீட்டுப் பிரிவில் நீங்களே கொடுக்கலாம். வேண்டியவை: இறப்புப் பத்திரம், தேடல் சான்று, கெரான் நகல், எல்லா வாரிசுகளின் ஐசியும் பிறப்புப் பத்திரமும், இறந்தவரின் திருமணச் சான்று.

நம்மவர்கள் இங்கே இரண்டு இடத்தில் இடறுவார்கள். முதலாவது திருமணச் சான்று. 1982 மார்ச் 1க்கு முன் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட பெரியவர்கள் பலர் எங்கும் பதிவு செய்யவில்லை. சட்டம் அந்தத் திருமணங்களை ஏற்கிறது, காட்டுவதற்குக் காகிதம்தான் இருக்காது. பாட்டியோ அந்தக் கல்யாணத்துக்குப் போன உறவினரோ உயிரோடு இருக்கும்போதே சத்தியப் பிரமாணம் வாங்கி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது பெயரின் எழுத்து. தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதியது பிறப்புப் பத்திரத்தில் ஒருமாதிரி, ஐசியில் ஒருமாதிரி, கெரானில் இன்னொரு மாதிரி இருக்கும். முனியாண்டி ஓரிடத்தில் முனியண்டி ஆகியிருப்பார், வேறோர் இடத்தில் அப்பா பெயரே விட்டுப்போயிருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். மூவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட்ட தாள் வேண்டும். செலவு பத்து ரிங்கிட்டுக்குப் பக்கம். இணைக்கும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனியாகக் கொஞ்சம் வாங்குவார்கள். ஒரே தாளில் எல்லா எழுத்து வித்தியாசத்தையும் எழுதி, மூலப் பிரதியாகவே இரண்டு மூன்று எடுத்துவிடுங்கள். ரிஸ்டாவில் ஒன்று கேட்பார்கள், வங்கியில் ஒன்று கேட்பார்கள்.

பங்கீட்டு விசாரணைக்கு வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சித்தப்பா, அத்தை எல்லாம் இதில் அடக்கம். வர முடியாதவர் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் தர வழி இருக்கிறது. அந்தப் பாரத்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். ஒருவர் வராமல் விசாரணை தள்ளிப்போனால் அடுத்த தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். இதெல்லாம் முடியும்வரை மரத்தைச் சும்மா விட முடியாது அல்லவா? மற்ற வாரிசுகள் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தோடு, நிலத்தைப் பராமரிப்பவராக உங்களைப் பதிவு செய்ய முடியுமா என்று பயிருக்குரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

அரசு நிலத்தில் பயிர் செய்பவர்களிடம் இருப்பது தற்காலிகக் குடியிருப்பு உரிமம், பேச்சு வழக்கில் டிஓஎல் அல்லது எல்பிஎஸ். பாரம் 4ஏ. இது எந்த மாதத்தில் எடுத்தாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று காலாவதியாகிவிடும். இதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் உரிமமும் அதோடு முடிந்தது. பிள்ளை தன் பெயரில் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா பெயரில் வந்த பழைய டிஓஎல்லைக் காட்டி மானியம் கேட்டு, கடைசியில் நிலத்தில் இருப்பதே அனுமதியில்லாமல்தான் என்று வெளிவந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

வாடகை நிலமா? வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். நிலக்காரரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, கையெழுத்திட்ட 30 நாளுக்குள் வருமான வரி வாரியத்தில் முத்திரை போடுங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் என்றால் அது குத்தகை. நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "பயிருக்கான மானியமும் உதவியும் பயிர் செய்பவருக்கே." இந்த ஒரு வரி இல்லாததால்தான் நிலக்காரர் பெயரில் உர மூட்டை இறங்குவதும், வெயிலில் நிற்பவர் கடையில் காசு கொடுத்து உரம் வாங்குவதும் நடக்கிறது.

3. பதிவு செய்யும் வரிசை

முதலில் நிலத் தாள், அப்புறம் பயிருக்குரிய அலுவலகத்தில் பதிவு, அப்புறம் உரிமம், கடைசியாகத்தான் மானிய விண்ணப்பம். வரிசையை மாற்றினால் ஒவ்வொரு கவுண்டரிலும் திருப்பி அனுப்புவார்கள்.

ரப்பருக்கு: ரிஸ்டாவில் சிறுதோட்டக்காரராகப் பதிந்துகொண்டு, பால் விற்பதற்கான பாட்-ஜி பர்மிட் எடுக்க வேண்டும். நிலம் ஒருவர், பால்வெட்டு இன்னொருவர் என்றால் இருவருமே பதிவில் இருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்டுபவர் பெயர் விட்டுப்போனால் அவர் பங்கு அவருக்கு வராது.

செம்பனைக்கு: எத்தனை சிறிய நிலமானாலும் எம்பிஓபி உரிமம் வேண்டும். அது இல்லாமல் குலையை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அடுத்தது எம்எஸ்பிஓ சான்றிதழ், அதாவது நிலைத்தன்மை விதிகளின்படி செம்பனை வளர்க்கிறோம் என்பதற்கான மலேசியச் சான்று. கட்டாயம்தான், ஆனால் சிறுதோட்டக்காரர் தனியாகத் திண்டாட வேண்டியதில்லை. ஸ்போக் எனப்படும் வட்டாரக் குழுவில் சேர்ந்தால் தணிக்கையைக் குழுவாகவே முடித்துவிடுவார்கள். எம்பிஓபியின் துனாஸ் அதிகாரிகளிடம் உங்கள் வட்டாரத்துக்கு எந்தக் குழு என்று கேளுங்கள். அவர்கள் நிலத்துக்கே வந்து பார்ப்பவர்கள், ஆலோசனைக்குக் காசு கிடையாது.

காய்கறிக்கு: மாநில விவசாய இலாகாவின் மாவட்ட அலுவலகம். நிலத்தைப் பார்க்க வருவார்கள். வரும் நாளில் பயிர் நிலத்தில் நிற்க வேண்டும். அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வாரத்தில் தேதி கொடுக்காதீர்கள்.

எந்தப் பயிரானாலும் வட்டார பிபிகேயில் உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள். நம் ஆட்கள் இதில் குறைவு. மலாய்க்காரர்களுக்கு மட்டும் என்று ஒரு நினைப்பு. விவசாயிகள் சங்கச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. குடியுரிமை, வயது, விவசாயம், வட்டாரம், அவ்வளவுதான். உரமும் இடுபொருளும் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன. ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேட்கும் உரிமையும் சேர்ந்து வருகிறது. அதன் அருமை பின்னால் தெரியும்.

4. ரசீதும் வங்கிக் கணக்கும்

எடைக் கொட்டகையில் தரும் சீட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தேதி, லாரி எண், மொத்த எடை, கழிவு, நிகர எடை, விலை. ஒரு மூலையில் உரிம எண். அந்த எண் உங்களுடையதுதானா? அவசரத்தில் வியாபாரி தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் வேறொருவர் எண்ணைப் போட்டு அடித்துவிடுவது நடக்கிறது. காசு கையில் வந்துவிட்டதால் நாமும் பார்ப்பதில்லை. ஆனால் பதிவேட்டில் அந்தக் குலையை விற்றவர் நீங்கள் இல்லை. ரப்பரிலும் இதே கதைதான். பாட்-ஜி எண் இல்லாத ரசீதைக் கொண்டு ஊக்கத்தொகை கோர முடியாது.

அந்தச் சீட்டுகள் பெரும்பாலும் வெப்பத்தாளில் அடித்தவை. மோட்டார் சைக்கிள் பெட்டியில் சில வாரம் கிடந்தால் எழுத்து மறைந்து வெறும் மஞ்சள் தாள்தான் மிஞ்சும். அன்றைக்கே கைப்பேசியில் படம் எடுங்கள், மாதக் கடைசியில் நகல் எடுங்கள். ஆண்டு விற்பனைக் கணக்கைக் காட்டச் சொல்லும்போது இந்தக் கட்டுத்தான் உங்களைக் காப்பாற்றும்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஐசியில் உள்ள அதே எழுத்தில் இருக்க வேண்டும். மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு, பிள்ளையின் கணக்கு எல்லாம் வேண்டாம். நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிப்போன கணக்கில் போட்ட பணம் திரும்பிப் போய்விடும். மறுபடி வரவைப்பது புதிதாக விண்ணப்பிப்பதைவிடக் கஷ்டம்.

5. எவ்வளவு, எப்போது

ரப்பர் ஊக்கத்தொகை மாதச் சம்பளம் மாதிரி வருவதில்லை. விலை ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கும் மாதத்தில் மட்டும், அந்த வித்தியாசத்தைத் தருகிறார்கள். 2024 பட்ஜெட்டில் அந்தக் கோட்டைக் கட்டிப்பால் கிலோவுக்கு 2.70 ரிங்கிட்டிலிருந்து 3.00 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். விலை அதற்கு மேலே இருக்கும் மாதங்களில் ஒன்றும் வராது. அதற்காக ரிஸ்டாவுக்கு ஓடாதீர்கள். மழைக்கால உதவி தனி. 2023இல் 600லிருந்து 800 ரிங்கிட் ஆனது.

செம்பனை மறுநடவுக்கு இப்போதுள்ள திட்டம் பாதி மானியம், பாதி கடன். கடன் பகுதிக்கும் கையெழுத்து உங்களுடையதுதான். நட்ட கன்று காய்க்க மூன்று ஆண்டுக்குப் பக்கம் ஆகும். அதுவரை வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று கணக்குப் பார்த்துவிட்டு மரத்தை வெட்டுங்கள். முழு நிலத்தையும் ஒரே மூச்சில் வெட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

டீசல்: 2024 ஜூனில் தீபகற்பத்தில் லிட்டர் 2.15லிருந்து 3.35 ரிங்கிட் ஆனபோது, சிறு விவசாயிகளுக்கு மாதம் 200 ரிங்கிட் தரும் திட்டம் தொடங்கியது. விவசாயப் பிரிவில் ஆண்டு விற்பனை 50,000 ரிங்கிட்டிலிருந்து 3,00,000 ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். இந்த 50,000 என்ற கீழ்வரம்பில்தான் இரண்டு ஏக்கர்காரர்கள் கழன்று விழுகிறார்கள். அப்படிப்பட்டவர் பெயரில் டீசல் வண்டி இருந்தால் தனிநபர் பிரிவில் விண்ணப்பிக்கலாம்.

நெல்: விலை மானியம் 2025 பட்ஜெட்டில் டன்னுக்கு 360லிருந்து 500 ரிங்கிட் ஆனது. ஆலையில் ஈரத்துக்கும் பதருக்கும் கழித்தது போக நிற்கும் எடைக்குத்தான் கணக்கு. கழிவு எத்தனை விழுக்காடு என்று சீட்டில் பார்த்துவிட்டு நகருங்கள்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பட்ஜெட் அக்டோபரில் வாசிக்கப்படும், ஒதுக்கீடு ஜனவரியில் திறக்கும். கருவி, பம்பு, நாற்றுக் கூடம் போன்ற உதவிகள் ஒதுக்கீடு தீர்ந்ததும் நின்றுவிடும். ஆகவே தாள்களை நவம்பர், டிசம்பரில் தயாராக்கி, ஆண்டின் முதல் சில வாரங்களிலேயே கொடுத்துவிடுங்கள். தீபாவளி முடிந்த கையோடு உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

6. இவற்றில் விழாதீர்கள்

விண்ணப்பப் பாரத்துக்கும் பதிவுக்கும் "கோப்பி காசு" என்று கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது தராதவருக்குக் காசும் இல்லை. எங்கள் வட்டாரத்தில் ஓர் ஏஜெண்ட் பலரிடம் ஐசி நகல், கெரான் நகல், வெற்றுப் பாரத்தில் கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டு போனார். பாதிப் பேருக்கு ஒன்றும் வரவில்லை. மீதிப் பேருக்கு என்ன விண்ணப்பித்தார் என்றே தெரியவில்லை. எந்த நகலைக் கொடுத்தாலும் அதன் குறுக்கே "இன்ன விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

கைப்பேசியில் வரும் இணைப்பை அழுத்தி வங்கி எண் கொடுக்கச் சொல்லும் செய்தி மோசடி. சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் பாரம் நிரப்ப உதவுவார்கள், அது நல்லது. ஆனால் அங்கே கொடுத்ததே அலுவலகத்தில் கொடுத்ததாகிவிடாது. அலுவலக முத்திரையும் தேதியும் உள்ள நகல் உங்கள் கைக்கு வந்தால்தான் கொடுத்ததாகக் கணக்கு.

7. யாருக்குப் போனது என்று கேட்பது

ஐரோப்பிய ஒன்றியத்தில் விவசாய மானியம் வாங்கியவரின் பெயர், ஊர், தொகை எல்லாவற்றையும் ஆண்டுதோறும் மே 31க்குள் வெளியிட வேண்டும் என்று விதி. 1,250 யூரோவுக்குக் கீழே வாங்கியவரின் பெயரை மட்டும் மறைப்பார்கள். சின்னவரின் மானம் காக்கப்படும், பெரிய நிறுவனம் எவ்வளவு வாங்கியது என்பது எல்லாருக்கும் தெரியும். நியாயமான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. நம் நாட்டில் அப்படிப் பெயர்ப் பட்டியல் வெளியிடும் வழக்கம் இல்லை. கூட்டரசு அளவில், இதை எழுதும்போது, தகவல் சுதந்திரச் சட்டமும் இல்லை. ஆனாலும் கேட்க வழி இருக்கிறது.

முதலில் உங்கள் சொந்தப் பதிவு. உங்கள் பெயரில், உங்கள் லோட்டு எண்ணில் என்னென்ன உதவி, எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்குப் போனது என்று அந்தந்த அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். லோட்டு எண்ணைக் கட்டாயம் சேருங்கள். அதே லோட்டில் வேறொருவர் பெயரில் உதவி போயிருந்தால் அப்போதுதான் வெளியே வரும்.

இரண்டாவது பிபிகே. உறுப்பினர் என்ற முறையில் ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். ஆண்டறிக்கை கையில் கொடுப்பார்கள். அதில் இடுபொருள் விநியோகக் கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, எத்தனை பேருக்கு, எத்தனை ஹெக்டருக்கு என்று கேளுங்கள். கூட்டத்துக்குப் போகாமல் கோப்பிக்கடையில் பேசுவதில் ஒரு பயனும் இல்லை.

மூன்றாவதுதான் பினாங்குக்காரர்களுக்கு இருக்கும் வாய்ப்பு. தகவல் சுதந்திரத்துக்கு மாநில அளவில் தனிச் சட்டம் வைத்திருப்பவை சிலாங்கூரும் பினாங்கும். இங்கே 2015 முதல் நடப்பில் இருக்கிறது. மாநில இலாகாக்கள், நில அலுவலகங்கள், மாநகர் மன்றங்கள் இதன் கீழ் வரும். ரிஸ்டாவும் எம்பிஓபியும் வராது. 1ஆம் படியில் சொன்ன வித்தியாசம் இதற்குத்தான். ஆக, விவசாய இலாகா கொடுத்த மாநில உதவிகள், நில அலுவலகம் விவசாயத்துக்கென்று கொடுத்த டிஓஎல்கள் இவற்றைப் பற்றி இந்த வழியில் கேட்கலாம்.

அந்த இலாகாவின் தகவல் அதிகாரியிடம் பாரம் வாங்குங்கள். கட்டணம் உண்டு, விண்ணப்பத்துக்கு எவ்வளவு, தகவல் கிடைத்தால் எவ்வளவு என்று இரண்டையும் முன்பே கேட்டுவிடுங்கள். ஏன் வேண்டும் என்று காரணம் எழுத வேண்டும். எழுதிய காரணத்தை விட்டு வேறு எதற்கும் அந்தத் தகவலைப் பயன்படுத்தினால் சிக்கல். அதனால் காரணத்தைக் குறுக்கி எழுதாதீர்கள். "என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை மேல்முறையீடு செய்யவும், வட்டார விவசாயிகளிடம் விளக்கவும்" என்று எழுதினால் பிறகு ஊரில் பேசுவதற்கும் இடம் இருக்கும்.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பதில் இருக்கிறது. "மானியம் வாங்கிய எல்லார் பெயரும் வேண்டும்" என்று கேட்டால் தனிநபர் விவரம் என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். மாறாக இப்படிக் கேளுங்கள்: இன்ன ஆண்டில், இன்ன திட்டத்தில், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) வாரியாக எத்தனை விண்ணப்பம் வந்தது? எத்தனை ஏற்கப்பட்டது? மொத்தம் எவ்வளவு போனது? தேர்வுக்கான அளவுகோல் என்ன? நிராகரித்ததற்கான காரணங்கள் எவை? பெற்றவர்களில் கம்பெனியாகவோ சங்கமாகவோ இருப்பவை எவை? கடைசிக் கேள்விக்குத் தனிநபர் விவரம் என்ற பதில் பொருந்தாது. பத்து விண்ணப்பம் வந்த முக்கிமில் பத்தும் ஏற்கப்பட்டு, அறுபது வந்த இடத்தில் மூன்றுதான் ஏற்கப்பட்டது என்று தெரிந்தால், ஒரு பெயரும் இல்லாமலே அடுத்த கேள்வி தானாக வரும்.

சில கவுண்டர்களில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மறுப்பார்கள். 2010ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது என்று அதன் 3ஆவது பிரிவே சொல்கிறது. சண்டை போடாமல், மறுப்பை எழுத்தில், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று குறிப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். அதிகார ரகசியச் சட்டத்தின் கீழ் முத்திரை குத்திய கோப்பு என்றால் அது வேறு. அங்கே நமக்கு வேலை இல்லை.

கூட்டரசு அமைப்புகளுக்கு வேறு பாதை. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் மக்களவையில் கேள்வி எழுப்பலாம்; அமைச்சு எழுத்துப்பூர்வமாகத் தரும் பதில்கள் நாடாளுமன்றத் தளத்தில் கிடைக்கும். கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே கேள்வியைச் சேர்த்துவிட வேண்டும். ஆகவே உறுப்பினரின் அலுவலகத்துக்கு இரண்டு மூன்று வரிக் கேள்வியாகத் தயாரித்துக் கொடுங்கள். நான்கு பக்கப் புலம்பலை யாரும் படிக்க மாட்டார்கள். தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையும் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் விவசாய அமைச்சு, தோட்ட மூலப்பொருள் அமைச்சு, ரிஸ்டாவைக் கவனிக்கும் ஊரக வட்டார மேம்பாட்டு அமைச்சு ஆகியவற்றின் பகுதிகளை மட்டும் படித்தால் போதும். எந்தத் திட்டத்தில் தகுதியில்லாதவருக்குப் போனது, எங்கே நிலத்தையே பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று ஆய்வு செய்தவை அங்கே இருக்கும். உங்கள் புகாரில் அதை மேற்கோள் காட்டினால் எடை கூடும்.

8. தப்பு நடந்திருப்பது தெரிந்தால்

உங்கள் லோட்டில் வேறொருவர் பெயரில் உதவி போயிருக்கிறது, அல்லது விவசாயமே செய்யாதவர் பட்டியலில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்த அலுவலகத்துக்கே எழுத்தில் புகார். பல நேரம் பழைய பதிவை யாரும் நீக்காமல் விட்டதாகத்தான் இருக்கும், அங்கேயே சரியாகும். சரியாகவில்லை என்றால் பொதுப் புகார் பிரிவின் சிஸ்பா முறையில் பதியுங்கள். எண் ஒன்று தருவார்கள், அதை வைத்து எந்த நிலையில் இருக்கிறது என்று பின்தொடரலாம். கையெழுத்து மோசடி, போலி ரசீது, லஞ்சம் என்றால் நேராக ஊழல் தடுப்பு ஆணையம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. தகவல் கொடுத்தவரைப் பாதுகாக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம், அமலாக்க அமைப்பிடம் புகார் கொடுப்பவருக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. ஆதாரத்தை முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. அவதூறு வழக்கு வந்தால் தனியாக நிற்க வேண்டும். பெயர் சொல்லிப் பதிவு போடக் கை துறுதுறுக்கும். புகாரை முதலில் கொடுத்து, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

நிராகரிப்புக் கடிதமோ மறுப்புக் கடிதமோ வந்தால், மேல்முறையீட்டுக்கான காலக்கெடு என்ன என்று கடிதத்திலேயே தேடுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். கடிதம் வந்த உறையையும் தூக்கிப் போடாதீர்கள். கடிதத்தில் உள்ள தேதி ஒன்றாகவும், தபால் முத்திரைத் தேதி அதற்கு இரண்டு வாரம் பின்னாலும் இருப்பது உண்டு. தாமதம் உங்களுடையது இல்லை என்று காட்ட அந்த முத்திரைதான் ஆதாரம்.